டிக்கெட் வாங்கிவிடு, பாப்பா

லால்குடி
மே 10

அன்புள்ள பாப்பா,

அப்பாயி நன்றாக இருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு திண்ணைவரை வந்து உட்காருகிறாள். மற்ற சேதியெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள். போனில் கூப்பிட்டால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் பள்ளிக்கூடத்து நடன விருந்து, அந்த ப்ராமுக்குப் போகவில்லை, ஏபி என்கிற காலேஜ் அளவுப் பரீட்சைக்குப் படிக்கணும் என்றாயாம். ஏபி மே மாத நடுவிலேயே முடிந்துவிடுகிறது. ப்ராம் ஜூன் முதல் வாரம். அப்பாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று நினைத்துவிட்டாயா? படிப்பில் உன்னை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கெமிஸ்ட்ரியில் நீ வாங்கிய மார்க்கை அப்பாயி தபால்காரர்வரை சொல்லிவைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளை படிப்பைச் சாக்காகச் சொன்னால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜோடி சேர்ந்துதான் போகணும் என்று எண்ணி ஒதுங்குகிறாயோ என்றுகூட யோசித்தேன். தோழிகள் நாலைந்து பேர் கூட்டமாகப் போவதை நானே பார்த்திருக்கிறேனே. யாருடன் போகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கணும் என்று வாய்வரை வருகிறது, ஆனாலும் கேட்கமாட்டேன். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடு.

எதிர்வீட்டுப் பையன் போன வருஷம் கிளம்பினது ஞாபகம் இருக்கா? நான் குப்பைத் தொட்டியை உள்ளே இழுக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். வாடகைக் கோட்டு, தோளில் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அந்த மனுஷர் மகன் கோட்டில் வெள்ளைப் பூவைக் குத்த முடியாமல் திணறினார். ஊசி விரலில் ஏறிவிட்டது. வெள்ளைப் பூவில் ரத்தம் படக்கூடாதே என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்புறம் அந்த அம்மா வந்து குத்திவிட்டார்கள். அவனை ஏற்றிக்கொண்ட லிமோ, அந்த நீளக் கார், தெருமுனை திரும்புகிறவரை இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். நம் வீட்டில் பெண் பிள்ளைக்குப் பூ வைத்து, உட்காரவைத்துப் பார்க்கிற பார்வைதான் அது. அன்றைக்கே நினைத்தேன், அடுத்த வருஷம் நம் பாப்பா என்று. இந்த வருஷம் பார்த்து நான் இங்கே இருக்கும்படி ஆகிவிட்டது.

இங்கே மத்தியானத்தில் வெளியே போக முடிவதில்லை, வெயில். ப்ராம் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அங்கேயே அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் வில்காக்ஸ் கவுன்ட்டி என்று ஓர் இடம். அங்கே வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராம், கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு ப்ராம் என்றே நடந்துவந்திருக்கிறது. பள்ளிக்கூடம் நடத்தவில்லையாம், பெற்றவர்களே தனித்தனியாக நடத்தியிருக்கிறார்கள். 2013இல் நாலு பெண்கள், இரண்டு பேர் வெள்ளை, இரண்டு பேர் கறுப்பு, பணம் திரட்டி எல்லோருக்கும் சேர்த்து ஒரே ப்ராமாக நடத்திக் காட்டினார்கள். உன் வயசுப் பிள்ளைகள்! அந்தப் பெற்றவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்று பார்க்கிறவர்களை இந்த ஊரில் பார்த்தே வளர்ந்தவன் நான். எல்லோரும் ஒரே ஹாலில் சேர்ந்து சாப்பிட்டு, சேர்ந்து ஆடுகிறார்கள் என்றால் அது பெரிய விஷயம். அங்கே என் பெண்ணும் இருக்கணும். யாராவது ஏதாவது சொன்னார்களா, பாப்பா? சொல்லியிருந்தால் அம்மாவிடமாவது சொல்.

நீ போவாய் என்றே வைத்துக்கொண்டு சொல்கிறேன். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் யார் ஓட்டுகிறார்கள் என்று பார். உங்கள் எல்லோருக்கும் புதுசாக ஓட்டுகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற புரொபேஷனரி லைசென்ஸ்தான். நம் நியூஜெர்சியில் அதை வைத்துக்கொண்டு ராத்திரி 11 மணிக்குமேல் விடியற்காலை 5 மணிவரை ஓட்டக்கூடாது, வண்டியில் கூட ஒருத்தருக்குமேல் ஏற்றக்கூடாது. இந்த லைசென்ஸுக்காக நம்பர் பிளேட்டில் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கரை அசிங்கம் என்று பிய்க்கப் பார்த்தாயே, 2006இல் கூட்டாளி ஓட்டிய வண்டியில் போய் இறந்துபோன 16 வயசுப் பெண்ணின் பெயரில் வந்த சட்டம் அது. அந்தப் பிள்ளையின் அம்மா போராடித்தான் வந்தது. உங்கள் ப்ராம் முடிவதே 11 மணி. அப்படியென்றால் திரும்பி வரும்போது உன் கூட்டத்தில் யாரும் ஸ்டியரிங்கில் கை வைக்கக்கூடாது. எத்தனை மணியானாலும் அம்மா வந்து கூட்டிக்கொண்டு போவாள். ப்ராம் முடிந்து கடற்கரையில் சீசைட் ஹைட்ஸில் வீடு எடுத்துத் தங்குகிற கதையெல்லாம் வேண்டாம். அங்கே யார் பாட்டில் கொண்டுவருவார்கள், யார் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று ஒன்றும் தெரியாது. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் யார் ஓட்டுகிறார்கள் என்று பார், அவ்வளவுதான்.

இன்னொன்று. பிப்ரவரிக்கு அப்புறம் நீ எங்களிடம் எதுவும் கேட்பதில்லை. பிரிந்துபோன ஷூவுக்குப் பசை போட்டு ஒட்டிக்கொண்டு போகிறாயாம். அம்மா சொல்லி அழுதாள். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது, அப்புறம் உன்மேல் கோபம் வந்தது. எங்கள் பாரத்தை இறக்கி உன் தலையில் வைத்துக்கொள்ளச் சொன்னது யார்? வீட்டுச் செலவு என் கவலை, அம்மா கவலை. உனக்கு 17 வயசு. டிக்கெட்டுக்கு, உடுப்புக்கு, கையில் கட்டுகிற பூவுக்கு எல்லாம் நான் கிளம்புவதற்கு முன்பே எடுத்துவைத்தாகிவிட்டது. அம்மா அலமாரியில் மேல்தட்டு, உன் பர்த் சர்ட்டிபிகேட் இருக்கிற கவருக்குள். அது வேறு எதற்கும் இல்லை. மிச்சம் பிடித்துத் திரும்ப வைக்காதே.

கவுன் வேண்டுமென்றால் கவுன். அம்மாவின் வாடாமல்லிப் பட்டைக் கட்டிக்கொண்டு போனாலும் சரிதான், ஓக் ட்ரீ ரோட்டில் ஜாக்கெட் தைத்து வாங்கிவிடலாம். ஆனால் காசை மிச்சம்பிடிப்பதற்காகப் புடவை கட்டாதே. ஆசையாக இருந்தால் கட்டு.

டிக்கெட் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது என்று எதிர்வீட்டு அம்மாதான் சொன்னார்களாம், நீ சொல்லவில்லை. வியாழக்கிழமையே வாங்கிவிடு. வாங்கியதும் எனக்கு ஒரு வரி அனுப்பு, ராத்திரி ஆனாலும் பரவாயில்லை, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

அப்பா

பி.கு: அம்மாவின் வண்டியில் பின் டயர் காற்று குறைந்துகொண்டே இருந்தது. அம்மா மறந்துவிடுவாள். ராத்திரி உன்னைக் கூட்டிவர அந்த வண்டிதான் வரணும், அதற்குள் நீ ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்.