2040 வரை கிருமி காத்திருக்காது: சிங்கப்பூர் மனிதவள அமைச்சுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது நீங்கள் பூட்டிய வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிகளில் ஒன்றில் இருந்தவன் நான். எங்கள் அறையில் 16 பேர். எல்லாம் இரண்டடுக்குக் கட்டில்; கைலியைச் சுற்றிக் கட்டினால் அதுதான் திரை. ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். நான் படுத்தபடி கையை உயர்த்தினால் மேல்கட்டில் பலகை தட்டும். மேலே படுத்திருந்த தம்பி இருமினால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் போச்சு.

அதே நாட்களில் பிரிட்டனிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் திரும்பியவர்கள் ஹோட்டல் அறைகளில் 14 நாள் இருந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. தனிமைப்படுத்துவது என்றால் அப்படித்தான். எங்களைத்தான் தனிமை என்ற பேரில் ஒன்றாக அடைத்துவிட்டீர்கள். விடுதிகளில் இருந்த சுமார் 323,000 பேரில் 152,000 பேருக்குத் தொற்று வந்துபோனதாக அந்த டிசம்பரில் நீங்களே அறிவித்தீர்கள்.

இறந்தவர்கள் எங்களில் மிகச் சிலர்தான். எக்ஸ்போ கண்காட்சி அரங்கில் படுக்கை போட்டு, விடுதிக்குள்ளேயே மருத்துவக் குழுக்களை அனுப்பி, லேசான தொற்றுள்ளவர்களால் மருத்துவமனைகள் நிரம்பாமல் பார்த்துக்கொண்டீர்கள். அந்த மருத்துவர்களையும் தாதியரையும் நான் மறக்கமாட்டேன்.

ஆனால் ஆஸ்திரேலியாவில் டார்வினுக்குப் பக்கத்தில் ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் இடம். எரிவாயுத் திட்டத்தில் வேலை செய்தவர்கள் தங்கக் கட்டியது. சின்னச் சின்ன அறைகள், வாசலில் வராந்தா, நல்ல காற்று. 2020இல் அதையே தனிமைப்படுத்தும் முகாமாக்கினார்கள். மெல்பர்ன் ஹோட்டலிலிருந்து கிருமி கசிந்து ஊரில் இரண்டாம் அலையே வந்தது. இந்த முகாமோ அந்த நாட்டிலேயே பாதுகாப்பானது என்று பேரெடுத்தது. தொழிலாளிக்கு ஒழுங்காக ஓர் அறை கட்டிக் கொடுத்திருந்ததால் நோய்க்காலத்தில் அது நாட்டுக்கே உதவியது. உங்களிடம் நான் கேட்பதும் அதுதான்.

2021இல் புதிய விடுதிகளுக்கு நல்ல விதி கொண்டுவந்தீர்கள்: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். சரி, பழைய விடுதிகள்? 2030க்குள் 3.6 சதுர மீட்டர் போதும், முழுத் தரத்துக்கு 2040 வரை அவகாசம் என்கிறீர்கள். அந்த 2040ஐ 2030 ஆக்குங்கள். விடுதி நடத்துவோருக்குச் செலவு கூடும், தெரியும். அதில் பெரும்பங்கை அரசே ஏற்கட்டும்.

என் மேல்கட்டில் தம்பி இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறான். போன வாரம் வீடியோ காலில் அறையைக் காட்டினான். கைலித் திரை அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
துவாஸில் ஒன்பது ஆண்டு உழைத்த ஊழியன்