வனஜாவுக்கு, எழுபத்திரண்டு கேள்விகள் பற்றி

அன்புள்ள வனஜா,

உன் தபால் வந்து வெகு நாளாகிவிட்டது. ஒரு பாட்டம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். பத்மா அப்படியேதான் இருக்கிறாள். அந்தப் பச்சை ஃபைல் என்ன ஆயிற்று என்று உன்னிடம் கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன், பதில் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆயத்த ஆடை ஆலையில் ஏன் ஆள் நிற்பதில்லை என்று அறிய நீ போட்ட கேள்வித்தாளைப் பார்த்தேன். ஊழியர் ஊக்கம் பற்றி 72 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், முன்னுரையில் மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம், அடுத்த பக்கத்தில் ஹெர்ஸ்பெர்க்கின் வேலைத் திருப்திக் கோட்பாடு. 600 பேரிடம் நிரப்பி வாங்கப் போகிறாய். அதோடு மாதம் ஒரு ‘சிறந்த டெய்லர்’ பரிசு வேறு. ஏண்டி, நாம் படித்த காலத்திலேயே சாமிநாதன் சார் இந்த முக்கோணத்தைப் பார்த்தாலே பேனாவை மூடிவிடுவாரே!

‘என் வேலையில் எனக்கு ஈடுபாடு உண்டு’ என்ற வரிக்கு, எச்.ஆர். நீட்டும் தாளில், சூப்பர்வைசர் பின்னால் நிற்கும்போது யார் 2 போடுவார்கள்? எல்லாரும் 4 போடுவார்கள். உனக்குச் சராசரி 3.9 வரும். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்பா, போதும் என்று கொள்ளும் 0.7-ஐத் தாண்டும், ஒரே ஆள் ஒரே மனநிலையில் வரிசையாக 4 போட்டால் அது தாண்டாமல் என்ன செய்யும்? ஈடுபாட்டையும் அவரே சொல்கிறார், தன் உழைப்பு எப்படி என்பதையும் அதே தாளில் அவரே சொல்கிறார். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நீ முடிவு எழுதுவாய். இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. உன் தாளை நிரப்புகிறவர்கள் வேலையில் தங்கியவர்கள். ஏன் ஆள் நிற்பதில்லை என்று கேட்கப் போகிறாய், ஆனால் போனவர் ஒருவர்கூட அந்த 600-ல் இல்லை. எத்தியோப்பியாவில் பிளாட்மன், டெர்கன் என்ற ஆய்வாளர்கள் தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்தவர்களைப் பின்தொடர்ந்தபோது, வேலை கிடைத்தவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஓராண்டுக்குள் விட்டுவிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் மாதத்திலேயே. எஞ்சியவர்களிடம் மட்டும் திருப்தியை அளந்திருந்தால் அந்த ஆலைகள் சொர்க்கமாகத் தெரிந்திருக்கும்.

சரி, கடிந்துகொண்டது போதும். இதைவிட நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. ‘அவருக்கு ஊக்கம் இருக்கிறதா?’ என்பதை விட்டுவிடு. ‘நாம் கேட்பதை அவர் செய்தால் அவருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேள். பாகிஸ்தானின் சியால்கோட் கால்பந்து ஆலைகளில் நடந்த ஆய்வை நீ முழுசாகப் படித்தாயா என்று தெரியவில்லை. அட்கின், வெர்ஹூகன் குழு 2017-ல் வெளியிட்டது. நான் அதை யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பத்மா கேலி செய்கிறாள். பரவாயில்லை, நீயும் கேள்.

வழக்கமான கால்பந்துக்கு 20 அறுகோணம், 12 ஐங்கோணம். துணி ஒட்டிய ரெக்சின் ஷீட்டை மேசையில் விரித்து, இரும்பு டையை (வெட்டும் அச்சை) வைத்து, பிரஸ்ஸில் அழுத்தி வெட்டுவார்கள். அறுகோணம் இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று பொருந்திவிடும். ஐங்கோணம் பொருந்தாது, எப்படி அடுக்கினாலும் நடுவில் துண்டு வீணாகும். ஆய்வுக் குழு டையை மாற்றியது. ஐங்கோணங்களைச் சற்றுத் தள்ளித் தலைகீழாக மாற்றி அடுக்கும் வடிவம். சுமார் 250 துண்டு வந்த ஷீட்டிலிருந்து 270-க்கு மேல் கிடைத்தது. செலவில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிச்சம். லாபமே ஒற்றை இலக்கச் சதவீதத்தில் ஓடும் தொழிலில் அது சின்னக் காசு இல்லை. டையை 35 ஆலைகளுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள்.

பதினைந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், விரல் விட்டு எண்ணும் ஆலைகள்தான் அதைப் பயன்படுத்தின. மற்ற இடங்களில் டை அலமாரியில்.

நம் ஆட்கள் இந்த இடத்தில் என்ன எழுதுவார்கள்? ‘தொழிலாளரிடம் மாற்றத்துக்கு எதிரான மனப்பான்மை, பயிற்சி தேவை.’ உண்மைக் காரணம் சம்பளச் சீட்டில் இருந்தது. வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பீஸ் ரேட்டுக்கு, அதாவது துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, வேலை செய்தார்கள். மிச்சமாகும் ரெக்சின் முதலாளிக்கு. புது டை பழகும்வரை கை தாமதிக்கும். அந்தத் தாமதம் முழுக்க வெட்டுகிறவர் தலையில். அதனால், ‘டை எப்படி?’ என்று முதலாளி கேட்டால் ‘சரிப்படாதுங்க’ என்பார்கள். முதலாளிக்கு வேறு தகவல் ஏது?

பிறகு பாதி ஆலைகளில் வெட்டுகிறவரிடமும் அச்சடிக்கிறவரிடமும் ஒரு பேச்சு: முதலாளி பார்க்கப் புது டையைச் சரியாகப் பயன்படுத்திக் காட்டினால், ஏறத்தாழ ஒரு மாத வருமானம் ஒரே ஒரு முறை பரிசு. அப்படிச் சொன்ன ஆலைகள் சிலவற்றில் டை வேலைக்கு வந்தது. முதலாளிக்கு இந்தத் தொகை வெகு சின்னது. அவர் ஏன் தானாகவே கொடுக்கவில்லை? தடை அங்கேதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பீஸ் ரேட்டைத் தொடும் பழக்கமும் அங்கே இல்லை.

இதை உன் யூனிட்டுக்குக் கொண்டு வா. ‘தரத்தில் அக்கறை இல்லை’ என்று எழுதியிருக்கிறாய். உன் இன்சென்டிவ் எதற்கு? லைன் எஃபிஷியன்சிக்கு, அதாவது ஒரு தையல் வரிசையின் வேகத்துக்கு. 50 பேர் லைன், 480 நிமிட ஷிப்ட், எஸ்.ஏ.எம். (ஒரு சட்டை தைக்க வகுத்த நிமிடம்) 12 உள்ள சட்டை 1000 வந்தால் 12,000-ஐ 24,000-ஆல் வகுத்து 50 சதவீதம். சரியா? இதில் ஆல்டர் போன, அதாவது தவறாகத் தைத்துத் திருத்தத் திரும்பிய, பீஸ் எங்கே கழிகிறது? கழியவில்லை என்றால், தரம் பார்த்து நிதானமாகத் தைப்பவர் லைனின் இன்சென்டிவைக் குறைக்கிறார். பக்கத்து மிஷின்காரரே அவரை முறைப்பார். 72 கேள்வியில் ஒன்றுகூட இதைக் கண்டுபிடிக்காது. இன்னொன்று: லைன் 60 சதவீதம் தொட்டதும் அடுத்த மாதம் டார்கெட்டை ஏற்றும் வழக்கம் உங்களிடம் உண்டா? உண்டென்றால் 58-லேயே கையை மெதுவாக்குவது சோம்பல் இல்லை, கணக்கு. சோதனை முடியும்வரை மிஷினோ தைக்கும் முறையோ மாறாமல் எஸ்.ஏ.எம்.-ஐத் தொட மாட்டோம் என்று எழுதி ஒட்டாமல் எந்தத் திட்டத்தையும் ஆரம்பிக்காதே.

‘சிறந்த டெய்லர்’ பரிசுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபமே வருகிறது. பாராட்டு வேலை செய்யும், சந்தேகமில்லை. ஜாம்பியாவில் லுசாக்கா நகரத்து முடிதிருத்துவோரிடம் பெண் ஆணுறை விற்கச் சொன்ன ஆய்வில், விற்ற ஒவ்வொன்றுக்கும் கடையில் மாட்டிய அட்டையில் ஒரு நட்சத்திரம் ஒட்டினார்கள். கமிஷன் வாங்கியவர்களைவிட இவர்கள் இரு மடங்கு விற்றார்கள். ஆனால் அதே நாட்டில் அஷ்ரஃப், பண்டியேரா, லீ மூவரும் சுகாதாரப் பயிற்சி மாணவர்களிடம் பார்த்தது வேறு: சக மாணவர்களோடு ஒப்பிட்டு ரேங்க் சொன்னதும் தேர்ச்சி குறைந்தது, முக்கியமாகப் பின்தங்கியவர்களுக்கு. நட்சத்திரம் என்னுடைய எண்ணிக்கை, ரேங்க் என் தோழியோடு எனக்குள்ள தூரம். மாதம் ஒருவருக்குப் பரிசு என்றால் லைனில் 49 பேருக்கு நீ அந்த ரேங்கைத்தான் கொடுக்கிறாய். ஒரு எல்லை வை, அதைத் தொடும் எல்லாருக்கும் கொடு.

சம்பள வித்தியாசமும் அப்படித்தான். ஒடிசாவில் பிரேசா, கௌர், ஷம்தசானி மூவரும் மூன்று மூன்று பேராகப் பிரித்து ஒரு மாதம் வேலை கொடுத்தார்கள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே கூலி, சிலவற்றில் ஆளுக்கொரு கூலி. யார் எவ்வளவு செய்கிறார் என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகளில், கூலி வேறுபட்டதும் உற்பத்தி விழுந்தது. வருகை 18 சதவீதப் புள்ளி குறைந்தது. அன்றைய கூலியை இழந்துகூட வராமல் இருந்தார்கள், பார்! யார் அதிகம் செய்கிறார் என்று பளிச்சென்று தெரிந்த வேலைகளில் அந்தக் கசப்பு தென்படவில்லை. உங்கள் ஏ கிரேடு, பி கிரேடை எந்தக் கணக்கில் போடுகிறீர்கள் என்பது டெய்லர்களுக்குத் தெரியுமா? மணிவாரி பீஸ் எண்ணிக்கை பலகையில் இருக்கிறதா? இல்லையென்றால் கிரேடைக் கொஞ்ச நாள் நிறுத்தி வை.

வருகைக்குப் பணம் கொடுக்கலாமே என்று நீ கேட்பாய். கொடுக்கலாம். ராஜஸ்தானில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில், தேதியை மாற்ற முடியாத கேமராவில் காலையும் மாலையும் படம் எடுக்க வைத்து அதன்படி ஆசிரியர் சம்பளம் கணக்கிட்டபோது, வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21-க்கு இறங்கின. அதே உதய்ப்பூர் பகுதியில் அரசு நர்சுகளுக்கு ஏறத்தாழ இதே யோசனை. முதல் சில மாதம் அமோகம், பதினாறு மாதத்தில் பழைய நிலைமை. உள்ளூர் நிர்வாகம் ‘விலக்கு நாள்’ எழுதிக் கொடுக்க ஆரம்பித்தது. உங்கள் பஞ்ச் கார்டில் யார் கையால் திருத்த முடியும்? டைம் ஆபீஸில் அந்தத் திருத்தங்களை மாதவாரியாக எண்ணிப் பார். வருகை போனஸ் வந்த மாதத்திலிருந்து திருத்தம் ஏறியிருந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சி தேவையில்லை.

உன் கேள்வித்தாளை முழுதும் குப்பையில் போடச் சொல்லவில்லை. அத்வர்யு, மொலினா, நைஷதம் மூவரும் இந்திய ஆயத்த ஆடை ஆலைகளில் பார்த்தது உனக்கு ஆறுதல். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகக் கூலி உயர்வு வந்த சமயத்தில், சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து, பெயர் போடாத சின்னக் கேள்வித்தாள் ஒன்றில் வேலை, சூப்பர்வைசர், திருப்தி பற்றிக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேட்பதே ஒரு மருந்தாக வேலை செய்யலாம். ஆனால் பெயர் இல்லாமல், சரியான சமயத்தில், சுருக்கமாக. 72-ஐப் பத்தாக்கு. ‘மதிப்பதில்லை’ என்று முடியும் வரிக்கு ‘உடன்படவில்லை’ என்று பதில் போட வைக்காதே; தலை சுற்றிப் பாதிப் பேர் 3 போடுவார்கள்.

இனி சோதனையின் செய்முறை. பாதி லைன்களுக்கு மட்டும் புது ஏற்பாட்டைக் கொடுத்து மற்றப் பாதியோடு ஒப்பிட வேண்டும். 600 பேர் என்று பெருமைப்படாதே. ஒரே லைனில் இருப்பவர்கள் ஒரே சூப்பர்வைசர், ஒரே ஸ்டைல் (தைக்கும் ஆடை வடிவம்), ஒரே வம்பு. லைனுக்குள் ஒருவர் மற்றவரைப் போலிருக்கும் அளவு வெறும் 0.05 என்று வைத்தாலும், 50 பேர் லைனுக்கு 1 + 49 × 0.05 = 3.45. 600-ஐ அதால் வகுத்தால் 174 தனித்தனி ஆட்களுக்குச் சமம். அவ்வளவுதான் உன் பலம். ஆளுக்கு ஆள் பிரிக்காதே. சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் கலந்துவிடும். லைன் லைனாகப் பிரி. பன்னிரண்டு லைனையும் பழைய எஃபிஷியன்சிப்படி வரிசைப்படுத்தி, அடுத்தடுத்த இரண்டை ஜோடியாக்கி, ஜோடிக்குள் காசு சுண்டு. ஆறு ஜோடி. ஆறும் ஒரே பக்கம் சாய்வது தற்செயலாக நடக்க 64-ல் 2 வாய்ப்பு. நான்கே ஜோடி என்றால் 16-ல் 2. அதை வைத்து எந்த எம்.டி.யிடமும் பேச முடியாது. அதனால் சில லைன்களில் மட்டும் ‘முன்னோட்டம்’ என்று ஆரம்பிக்கும் யோசனையை இப்போதே கைவிடு.

குழப்பப் போவது இரண்டு. புது ஸ்டைல் ஏறிய முதல் சில நாள் எஃபிஷியன்சி தரையில் கிடக்கும். ஆகவே தேதிக்குத் தேதி ஒப்பிடாமல், ஸ்டைலின் மூன்றாம் நாளை மூன்றாம் நாளோடு ஒப்பிடு. இரண்டாவது, ஆள் குறைந்தால் சூப்பர்வைசர்கள் நல்ல டெய்லரைப் பக்கத்து லைனிலிருந்து இழுப்பார்கள். தினம் யார் எங்கே உட்கார்ந்தார் என்று எழுத ஒருவரை வை. இது இல்லாமல் எத்தனையோ நல்ல சோதனைகள் வீணாகியிருக்கின்றன.

கன்சல்டன்டை அழைக்கலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறாய். மும்பைப் பக்கத்து நெசவாலைகளில் ப்ளூம் குழு செய்த சோதனையில் நிர்வாக முறைகளைச் சீர்ப்படுத்தியதும் முதல் ஆண்டில் உற்பத்தித்திறன் 17 சதவீதம் ஏறியது நிஜம். சுமார் எட்டு ஆண்டு கழித்துப் போனபோது, புதிதாகப் புகுத்திய முறைகளில் ஏறத்தாழ பாதி கைவிடப்பட்டிருந்ததும் நிஜம். மேனேஜர் மாறினார், டைரக்டருக்கு நேரமில்லை. உன் மேனேஜர்கள் சராசரி எத்தனை நாள் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பணத்தைச் செலவழி.

இப்போதைக்கு எனக்கு மூன்று தாள் அனுப்பு: போன ஆறு மாத வருகைப் பதிவு லைன்வாரியாக, விலகியவர்கள் பட்டியல் (சேர்ந்த தேதியும் போன தேதியும் மட்டும், பெயரை அடித்துவிடு), இன்சென்டிவ் கணக்கிடும் சுற்றறிக்கை. சம்பளத்துக்கு மறுநாள் ஆப்சென்ட் எவ்வளவு என்று தனியே குறித்து வை. ‘சிறந்த டெய்லர்’ கோப்பைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டாய் என்றால் ரத்து செய். கொடுக்கவில்லை என்று பொய் சொல்லாதே, உன்னை எனக்குத் தெரியும்.

அண்ணனுக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு.

உன்,
சாரதா