கார்டு வந்ததும் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிப் போடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வார மலேரியா காய்ச்சல் கட்டுரையில், "20 நிமிடத்தில் முடிவு சொல்லும் கார்டு இருக்க, மைக்ராஸ்கோப் எதற்கு?" என்று ஒரு வரி. ஒரு சொட்டு ரத்தம் விட்டு மலேரியா உண்டா என்று பார்க்கும் கார்டைச் சொல்கிறீர்கள். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை பக்கம் 26 வருடம் அந்த மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து உட்கார்ந்தவள் நான். படித்ததும் மனசு விட்டுப்போய்விட்டது.

ஐப்பசியில் என் பேரனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். தனியார் லேப் ஒன்றில் கார்டு போட்டு, நெகட்டிவ், மலேரியா இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி காய்ச்சல் வந்த அன்று பிள்ளை இரண்டு போர்வைக்குள் பல் கிட்டி நடுங்கினான். நானே கூட்டிப்போய் ஸ்லைடு போடச் சொன்னேன், அதாவது ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. தடித்த பூச்சில் மலேரியா கிருமிகள், சிவப்புப் புள்ளி வைத்த நீல மோதிரங்களாக; மெல்லிய பூச்சில் ஊதிப் பெருத்த சிவப்பணு. வைவாக்ஸ் என்ற வகை மலேரியா. 14 நாள் மாத்திரையையும் விடாமல் கொடுத்தோம்.

கிருமி குறைவாக இருந்தால் கார்டில் நோயைக் காட்டும் கோடு விழாமல் போகும். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியாவுக்கோ, நோய் குணமான பிறகும் சில வாரம் கோடு விழுந்துகொண்டே இருக்கும். கிருமி எத்தனை என்று எண்ணிச் சொல்ல கார்டால் முடியாது. நாங்கள் ஸ்லைடை நகர்த்தி நகர்த்தி 100 புலம் (மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவைக்குத் தெரியும் வட்டம்) பார்க்காமல் நெகட்டிவ் என்று எழுதியதில்லை. கார்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. லேப் இல்லாத மலைக் கிராமத்தில் அது உயிர் காக்கும். ஆனால் இங்கே ஸ்லைடு பார்க்க வழி இருக்கிறதே!

இன்னொன்றும் வெகுநாளாக மனதில் உறுத்துகிறது. மலேரியா என்றாலே எங்கள் வடசென்னைச் சாக்கடையைத்தான் படம் பிடித்துப் போடுகிறீர்கள். இந்த ஊரில் மலேரியா பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு நல்ல தண்ணீரில், மூடாத கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுவது உங்களுக்குத் தெரியாததா? மாடி ஏறித் தொட்டியைத் திறந்து பார்த்த மலேரியா ஊழியரை ஒரு தடவையாவது படம் எடுத்தீர்களா? ரிட்டயர் ஆன டெக்னீஷியன் நாற்காலி காலியாகக் கிடப்பதை எழுதினீர்களா?

சரி, இப்போது கேட்பது இரண்டே வரி. "கார்டில் நெகட்டிவ் வந்தும் காய்ச்சல் விடாவிட்டால், ஸ்லைடு போட்டுப் பாருங்கள்" என்று அடுத்த இதழில் ஒரு மூலையிலாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.