ஓபரா பெட்டியில் ஓர் ஆட்டம்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மூட்டுவலிக்குத் தைலம் மாற்றியிருப்பதாக எழுதியிருந்தாய். இங்கேயும் அதே கதைதான், மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன். பேத்திக்கு எட்டு வயது, செஸ் பைத்தியம் பிடித்துவிட்டது. நம் பழைய அட்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். தொலைந்துபோன யானைக்குப் பதில் அதே பாட்டில் மூடிதான் இன்னும் நிற்கிறது.

அவளுக்கு முதலில் காட்டியது அமெரிக்கச் செஸ் மேதை பால் மார்ஃபியின் ஓபரா ஆட்டம். 1858, பாரிஸ், ஓபரா அரங்கின் பெட்டியில் உட்கார்ந்து ஆடியது. 21 வயது நியூ ஆர்லியன்ஸ் பையன் ஒரு பக்கம். நாட்டை இழந்த பிரன்ஸ்விக் டியூக்கும் ஐசுவார் பிரபுவும் கலந்து பேசியபடி மறு பக்கம், கறுப்புக் காய்களோடு. “ரெண்டு சோப்ளாங்கிகளை ஜெயித்ததில் என்ன பெருமை” என்பாய் நீ. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மூன்றாவது நகர்விலேயே மந்திரியை அவசரமாக வெளியே கொண்டுவந்தார்கள், அது தப்புதான். ஆனால் நீ பார்க்க வேண்டியது எட்டாவது நகர்வு. மார்ஃபியின் ராணிக்கு எதிரே ஒரு சிப்பாய் சும்மா கிடக்கிறது. நீயும் நானும் லபக்கென்று எடுத்திருப்போம். எடுத்தால் கறுப்பு ராணி செக் வைத்து, ராணிக்கு ராணி வெட்டாகிவிடும். ஒரு சிப்பாய் லாபத்தோடு இழுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். அவன் அதைத் தொடாமல் குதிரையை வெளியே கொண்டுவந்தான். எனக்கு ராணித் தியாகத்தைவிட இதுதான் பெரிசு.

ஒன்பதாவதில் அவர்கள் மார்ஃபியின் மந்திரியை விரட்டச் சிப்பாயைத் தள்ளினார்கள், அதோடு கதை முடிந்தது. தனியாள் என்றால் பயந்து நிறுத்தியிருப்பான். பக்கத்தில் ஒருவன் “தள்ளு, பார்த்துக்கலாம்” என்று சொன்னானோ என்னவோ! மார்ஃபி குதிரையைக் கொடுத்தான், அப்புறம் யானையை, கடைசியில் ராணியையே. ராணியை வெட்டக் கறுப்புக் குதிரை நகர்ந்ததும் நடு வரிசை திறந்துவிட்டது. கறுப்பு ராணியும் அதே குதிரையும் முன்பே வழியைவிட்டு விலகியிருந்ததால் மார்ஃபியின் மந்திரிக்கு மூலைவிட்டமும் காலி. யானை கடைசிக் கட்டத்தில் போய் உட்கார, மந்திரி தூரத்திலிருந்து காவல். பதினேழாவது நகர்வில் செக்மேட். கறுப்பின் ராஜா பக்கத்து யானையும் மந்திரியும் இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை.

பேத்தி கறுப்புக் காய்களைக் காட்டிக் கேட்ட ஒரே கேள்வி: “அவர்கிட்ட ராணி, யானை, மந்திரி, குதிரை எல்லாம் இருக்கே தாத்தா, எப்படித் தோத்தார்?” மேட் போட்ட யானை நம் பாட்டில் மூடிதான் என்பதில் அவளுக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்.

சரி, ஒன்பதாவதில் நீ கறுப்புக் காயோடு உட்கார்ந்தால் என்ன ஆடுவாய்? ராணியைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்திப் பார்த்தேன், அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. நீயும் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சேகர்