மல்லிக்கு பேரு இருக்கு, அதக் கட்டுற நாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கெடச்சுச்சு, எங்க சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல கெடச்சுச்சு, ரொம்ப சந்தோஷம். ஆனா அந்தப் பூவத் தொடுக்குறதும் வாழை நார்ல, அந்த வெத்தலைய கவுளி கவுளியா கட்டுறதும் வாழை நார்லதான், அந்த நார உரிச்சு காயப்போட்டு திரிக்கிறவங்களப் பத்தி யாரும் பேசக் காணோம், அதான் எழுதுறேன்.

வைகைக் கரையில சோழவந்தான், திருவேடகம், மேலக்கால் பக்கம் பூரா வாழைத் தோப்புதான். ஒரு மரம் ஒரு தடவதான் குலை தள்ளும், குலைய வெட்டுனதும் மரத்த சாய்ச்சு ஓரமா போட்டுருவாங்க. அதத்தான் இங்க உள்ள பொம்பளைங்க மட்டை மட்டையா உரிச்சு, கீறி, வெயில்ல காயப்போட்டு எடுக்குறாங்க. மேலக்கால்ல பழைய சைக்கிள் ரிம்மும் கப்பியும் வச்சே கயிறு திரிக்கிற மிஷின் செஞ்சாங்க, அந்தக் கயித்த கம்பிச் சட்டத்துல சுத்திப் பின்னுனா கூடை, தட்டு, பைன்னு எதுவேணா வரும்.

எங்க சித்தி பின்னுறத பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். காஞ்ச நார் அப்படியே இழுத்தா ஒடஞ்சிரும், அதனால மொதல்ல தண்ணி தெளிச்சு பதமாக்குவாங்க, தண்ணி கூடிட்டா பின்னுன கூடை காஞ்சப்புறம் தொளதொளன்னு ஆயிரும். ஒவ்வொரு சுத்தையும் பெருவிரலால அழுத்தி இறுக்கணும், நார் கைய அறுக்கும்னு விரல்ல துணி சுத்திக்கிட்டுதான் உக்காருவாங்க. இத்தன வேலைய யாரும் பாக்குறதில்ல சார், கையில எடுத்ததும் பாதி வெலைக்கு கேக்குறாங்க.

பெரிய பிரச்சனை மழைதான். ஐப்பசி, கார்த்திகைல அடைமழை புடிச்சா நார் அரகொறையா காயும், பூஞ்சை புடிச்சு கறுத்துப்போகும், அந்தக் கட்டு மொத்தமும் வீண். போன மழைக்கு சித்தி செஞ்ச கூடையெல்லாம் லேசா நெறம் மாறிருச்சுன்னு ஒரு வியாபாரி கொறச்சு எடுத்துட்டுப் போனாரு, அந்தக் காசும் தை கழிச்சுத்தான் வந்துச்சு.

தமிழக அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்துல 3 லட்சம் வரைக்கும் கடன், 25 சதவீதம் மானியம்னு இருக்கு, நல்ல திட்டம், குறை சொல்லல. ஆனா கடன் வாங்கி மிஷின் போட்டாலும் நார் காஞ்சாத்தானே ஓட்ட முடியும்? வாழை நெறைய உள்ள ஊராட்சிகள்ல வெளிச்சம் எறங்குற ஷீட் போட்டு, நாலு பக்கமும் காத்து வர்ற மாதிரி ஒரு காயப்போடுற கொட்டகை பொதுவா கட்டிக் குடுத்தா, அத நம்பி பத்து இருபது குடும்பம் மழைக்காலத்துலயும் வேல பாக்கும்.

அடுத்தது விக்கிறதுக்கு எடம். மதுரை ஜங்ஷன்ல ‘ஒரு நிலையம் ஒரு பொருள்’ கடை போட்டு சுங்குடி சேலை வித்தாங்க, அதே மாதிரி வாழை நார் பொருளுக்கும் முறை வச்சு எடம் குடுக்கலாம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்லயும், சித்திரைத் திருவிழா சமயம் ஆத்துப் பக்கமும் ஒரு மூலை ஒதுக்குனாக்கூட போதும், எடுத்துட்டு வந்து விக்க ஆள் தயாரா இருக்கு.

2019 ஜனவரி 1லருந்து ஒருதடவ தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்கு தடை இருக்கு, ஆனா கல்யாண வீடுகள்ல தாம்பூலப் பைய பாத்தா பாதிக்கு மேல துணி மாதிரியே தெரியிற பிளாஸ்டிக்தான். நம்ம மதுரை ஆளுங்ககிட்ட கேட்டுக்கிறேன், வீட்ல விசேஷம்னா சின்ன நார்க்கூடைல தேங்கா, வெத்தல பாக்கு வச்சுக் குடுங்க. ஆவணி முகூர்த்தம்னா சித்திரைலயே ஆர்டர் சொல்லிருங்க, அப்பத்தான் வெயில் நல்லா அடிக்கும், நார் வெள்ளையா காயும், அவங்களும் அவசரமில்லாம பின்னுவாங்க. பாதிப் பணத்த முன்னாடியே குடுத்துருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சோழவந்தான்.