‘போதும்’ என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழின் கேள்வி பதில் பகுதியில், வங்கிக் கார்டில் தன் பெயர் தவறாக வந்திருப்பதாக ஒரு வாசகர் கேட்டிருந்தார். “கவலை வேண்டாம், கிளைக்குப் போய் ஒரு விண்ணப்பம் கொடுத்தால் போதும்” என்று பதில் வந்திருந்தது. அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை நாலு தடவை படித்தேன். பல வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். விவரம் தெரிந்தவர்கள் நடத்தும் பத்திரிகை என்ற மரியாதை இன்றும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

என் பெயர் வே. எழிலரசி. வே என்பது வேலாயுதம், என் அப்பா. அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியக் கணக்கின் பழைய டெபிட் கார்டில் பெயர் சரியாகத்தான் இருந்தது. சென்ற வருடம் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாள விவரம், புதுப்பிக்க வேண்டும் என்று வங்கியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆதாரும் பானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த புதுக் கார்டில் ‘வேலாயுதம் ஈ’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அப்பாவின் பெயர் முழுதாக நிற்கிறது. என் பெயர் ஒற்றை எழுத்தாகிவிட்டது.

ஏடிஎம்மில் பணம் வந்தது. அந்த இயந்திரம் கார்டு எண்ணையும் ‘பின்’ என்கிற ரகசிய எண்ணையும்தான் பார்க்கும், பெயரைப் பார்க்காது. அதனால் நானும் இரண்டு மாதம் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம் ஒரு நாள் என் கணவரை அவசரமாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. பணம் கட்டும் இடத்தில் கார்டை நீட்டினேன். அந்தப் பெண் கார்டையும் ஆதாரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “வேலாயுதம் சாரை வரச் சொல்லுங்கம்மா, அவர்தான் பின் போடணும்” என்றாள். அப்பா இறந்தது 1998-ல். பின்னால் வரிசை நிற்கிறது, உள்ளே என் கணவர் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார், நான் என் அப்பா உயிரோடு இல்லை என்பதை ஒரு சின்னப் பெண்ணுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன். கடைசியில் மகன் ஊரிலிருந்து போன் வழியாகப் பணம் அனுப்பிய பிறகுதான் ரசீது போட்டார்கள். அந்தப் பெண் மேல் தப்பில்லை. பெயர் பொருந்தாத கார்டை அவள் வாங்கியிருந்தால்தான் தப்பு.

சரி, நீங்கள் சொன்ன விண்ணப்பத்துக்கு வருகிறேன். படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. வாடிக்கையாளருக்குத் தரும் படிவங்கள் அந்தந்த மாநில மொழியிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததில்லை. தமிழ்ப் படிவம் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்றார்கள். கவுன்டரில் இருந்த தம்பி வேறு மாநிலத்துப் பையன், பொறுமையாகத்தான் பேசினான். ஆனால் அவன் கேட்டது, “பணம் வருதே மேடம், என்ன பிரச்சினை?” என்று. பக்கத்து மேசைக்காரர், முழுப் பெயரும் போட கார்டில் இடம் பத்தாது என்றார். வீட்டுக்கு வந்து எண்ணினேன். ஆங்கிலத்தில் என் பெயர் பத்து எழுத்து, அப்பா பெயர் பத்து எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. ஆக 21. கார்டின் காந்தப் பட்டையில் பெயருக்கு 26 எழுத்து வரை உலகம் முழுக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவும் வேண்டாம், ‘வி எழிலரசி’ என்று போட்டால் 12 எழுத்தில் முடிந்துவிடும்.

விண்ணப்பம் கொடுத்த அன்றைக்கே கையிலிருந்த கார்டை முடக்கிவிட்டார்கள். 23 நாள் கார்டே இல்லை. மருந்துச் செலவுக்குக்கூட சலான் எழுதி வரிசையில் நின்று எடுத்தேன். இரண்டாவது கார்டு வந்தது. இந்த முறை என் பெயர் முதலில் இருந்தது. ஆனால் ழகரத்துக்கு இசட் ஹெச் போடாமல் எல் போட்டிருந்தார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் ஐயா. வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ழகரம் சொல்லிக்கொடுத்தவள் கையில் அப்படி ஒரு கார்டு. இதற்கு மறு கார்டுக் கட்டணம் 300 ரூபாயும், 18 சதவீத ஜிஎஸ்டி 54 ரூபாயும் என் கணக்கிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். தவறு செய்தது அவர்கள், வரி கட்டியது நான்.

ழகரத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அரசாங்கத்தாலேயே முடிவு செய்ய முடியவில்லை. 2020 ஜூனில் 1018 ஊர்ப் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டார்கள், எதிர்ப்பு வந்ததும் சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அப்படியிருக்க, ஒருவர் பெயருக்கு எந்த எழுத்து என்பதை அந்தப் பெயருக்கு உரியவரிடம்தானே கேட்க வேண்டும்?

இதன் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் உண்டு, அது அப்பாவின் பெயர். ஆனால் படிவத்தில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டம் போட்டு, கடைசிக் கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்கிறார்கள். பான் கார்டுக்கு விண்ணப்பித்தபோதும் இனிஷியல் செல்லாது, விரித்து எழுது என்றார்கள். எழுதினேன். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து குடும்பப் பெயரின் முதலெழுத்து. என்னுடையதில் அந்த இடத்தில் ‘வி’ இருக்கிறது. ஆதாரில் இனிஷியல், பானில் விரிந்த பெயர். 2023 ஜூன் 30-க்குள் இரண்டையும் இணைக்க வேண்டும் என்றபோது 1000 ரூபாய் கட்டிவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்று இ-சேவை மையத்துக்கும் வீட்டுக்கும் நடந்தேன். அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. பெண்கள் பாடு இன்னும் மோசம். பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல். இருவரும் ஒருவரே என்று சான்று வாங்க தாலுகா ஆபீஸில் காத்திருக்கும் என் பழைய மாணவிகள் எத்தனையோ பேர்.

பெயர் வெறும் அலங்காரம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல், இணையத்தில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாகப் பணம் அனுப்புபவர் எதிர்க் கணக்கின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால் என் மாடி வீட்டுக்காரர் வாடகை அனுப்பப் போய், “டீச்சர், வேலாயுதம்னு காட்டுதே, அனுப்பலாமா?” என்று போன் செய்கிறார்.

பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் வேலை பல வருடம் என்னிடம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு, பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டி, தமிழிலும் ஆங்கிலத்திலும் சரிதானா என்று கேட்டுக் கையெழுத்து வாங்குவேன். நடவு வேலையிலிருந்து சேற்றுக் காலோடு வந்து கைநாட்டு வைத்த அம்மாக்கள் உண்டு. அச்சாகிவிட்டால் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால் செய்தோம். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் செய்ததை, இத்தனை வசதி உள்ள வங்கியால் செய்ய முடியாதா? அச்சடிக்கும் முன் “உங்கள் பெயர் கார்டில் இப்படி வரும், சரியா?” என்று ஒரு தாளிலோ போனிலோ காட்டினால் என்ன குறைந்துவிடும்?

மூன்றாவது கார்டு சரியாக வந்தது. அதுவும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, முத்திரை குத்திய நகல் வாங்கி, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போவேன் என்று சொன்ன பிறகு. 354 ரூபாய் இன்னும் வரவில்லை.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த இதழின் கேள்வி பதில் பகுதியில் அந்த வாசகருக்காக இன்னும் நாலு வரி சேர்த்து வெளியிடுங்கள்: கார்டில் பெயர் எப்படி வர வேண்டும் என்பதை விண்ணப்பத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், தேதி முத்திரையோடு நகல் வாங்காமல் வரக்கூடாது, தவறு வங்கியுடையது என்றால் கட்டணம் எடுக்கக்கூடாது என்று அதிலேயே எழுத வேண்டும், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

இப்படிக்கு,
வே. எழிலரசி,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி.