அம்புக்குறியைத் திருப்பிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை மாணவர் இணைப்பில் ‘செடி எப்படிச் சாப்பிடுகிறது?’ என்று ஒரு படம் போட்டிருந்தீர்கள். வேரில் இருந்து இலை வரைக்கும் ஒரு பெரிய சிவப்பு அம்புக்குறி, அதன் மேல் ‘உணவு’ என்று எழுத்து. அடியில் ஒரு வரி: ‘செடி தனக்குத் தேவையான உணவை வேர் மூலம் மண்ணில் இருந்து உறிஞ்சிக்கொள்கிறது.’ அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அதற்கு முந்தின வாரம்தான் விளையில் வாழை மூட்டில் உட்கார்ந்து அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன். சோறு பொங்குவது இலை, வேர் தண்ணீரும் உப்பும் கோரிக் கொடுக்கிறது, அவ்வளவுதான் என்று. அவள் உங்கள் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, “பாட்டா, நீங்க சொன்னது தப்பு, பேப்பர்லயே போட்டிருக்கு” என்றாள். மறுநாள் அவள் டீச்சர் அந்தப் படத்தைக் கத்தரித்து வகுப்பு நோட்டீஸ் போர்டில் ஒட்டவைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷமாகக் காலையில் டீக்கு முன்னால் உங்கள் பத்திரிகையைத்தான் கையில் எடுக்கிறேன். பேப்பரில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவனும் நான்தான். இப்போது அவளிடம் என்ன சொல்ல?

ஒளிச்சேர்க்கையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பச்சையம், வெயில், கார்பன் டை ஆக்சைடு என்று நாம் எல்லாரும் எழுதி மார்க் வாங்கியவர்கள்தான். வான் ஹெல்மான்ட் என்ற பழைய ஐரோப்பிய விஞ்ஞானி தொட்டியில் மரம் வளர்த்த கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காய்ந்த மண்ணை 90 கிலோ அளவுக்கு நிறுத்துப் போட்டு, இரண்டேகால் கிலோ கன்றை நட்டு, 5 வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றிவிட்டு எடுத்தால் மரம் 76 கிலோவுக்கு மேல், மண்ணில் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. அது அச்சானது 1648ல். எல்லாம் தண்ணீரில் இருந்து வந்தது என்று அவர் நினைத்தது பாதிதான் சரி. காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்கு இருக்கிற கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துத்தான் மரம் தன் உடம்பைக் கட்டுகிறது என்பது பிறகு தெரிந்தது. ஆனால் மண்ணைத் தின்று மரம் வளரவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று. இத்தனை வருஷம் கழித்து நாம் பிள்ளைகளை அதற்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

உரத்தைச் செடிக்குச் சாப்பாடு என்று நாங்களும் பேச்சில் சொல்வதுண்டு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து எல்லாம் வேண்டும்தான். குழம்புக்கு உப்பு வேண்டும், அதற்காக உப்பே சாப்பாடு ஆகிவிடாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நான் பட்டிருக்கிறேன். தங்கை மகள் கல்யாணத்துக்கு இலை தேவைப்பட்டது. கடையில் இலைக்கட்டு விலை ஏறிக் கிடந்தது. சரி, நம்மிடம்தான் ஏத்தன் வாழை நிற்கிறதே என்று குலை தள்ளி ஒரு வாரம் ஆன நாற்பது வாழையில் நல்ல இலையாகப் பார்த்து வெட்டிவிட்டேன். ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு இலைதான் மிச்சம். உரம் கூடுதலாகவே வைத்தேன், தண்ணீரும் குறைவைக்கவில்லை. மற்ற வாழையில் 12 கிலோ வரைக்கும் குலை வந்தது, இந்த நாற்பதில் 7 கிலோ தேறவில்லை. காய் விரல் தடிமன்தான். வாழை குலை தள்ளிவிட்டால் அப்புறம் புது இலை விடாது, அன்றைக்கு நிற்கிற இலைகள்தான் கடைசி வரைக்கும் அந்தக் குலையை ஊட்டி வளர்க்கவேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் இலை நார் நாராகக் கிழிந்தாலும் பரவாயில்லை, கிழிந்த கீற்றுகள் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். வெட்டி எடுத்தால் திரும்பி வராது. ‘உணவு மண்ணில் இருந்து வருகிறது’ என்று படித்த பிள்ளை நாளைக்கு வாழை வைத்தால் நான் செய்ததைத்தான் செய்யும்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது மனதில் ஆறாமல் கிடப்பது. எங்கள் வீட்டு முன்னால் ரோட்டோரம் அப்பா வைத்த ஒரு வருக்கைப் பிலா (பலா மரம்) நின்றது, பக்கத்திலேயே ஒரு பனை. 2011 வாக்கில் யாரோ ஒரு விழாவுக்கு ஃபிளெக்ஸ் கட்ட இரண்டையும் சுற்றிக் கட்டுக்கம்பி முறுக்கினார்கள். ஃபிளெக்ஸ் போயிற்று, கம்பி போகவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பிலாவின் பட்டை கம்பிக்கு மேலே வீங்கத் தொடங்கியது. அரைஞாண் இறுகின குழந்தை வயிறு போல உருண்டு வந்து கம்பியையே மூடிவிட்டது. கம்பிக்குக் கீழே மட்டும் அடிமரம் அப்படியே ஒல்லியாக நின்றது. கைவைத்துத் தடவினால் மேலே பட்டை ஈரமாக, தடிப்பாக இருக்கும், கீழே உலர்ந்து சொரசொரவென்று இருக்கும். இலை பச்சையாகவே இருந்ததால் மரத்துக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டோம், சக்கையும், அதாவது பலாப்பழமும், காய்த்தது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அது சாய்ந்தது. அன்றைக்கு எத்தனையோ நல்ல மரங்களும் விழுந்தன, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பிலாவின் வேரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கையால் பிசைந்தால் தூளாகிற பக்குவத்தில் இருந்தது. இலை செய்த உணவு பட்டை வழியாகக் கீழே இறங்கவேண்டும், கம்பி அந்த வழியை அடைத்துவிட்டது. தண்ணீர் உள்ளே கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருந்ததால் மேலே பச்சை, கீழே வேர் பட்டினி. வேர்தான் மண்ணில் இருந்து உணவு எடுக்கிறது என்றால் அந்த வேர் ஏன் பட்டினி கிடந்து சாகவேண்டும்? வீக்கம் கம்பிக்குக் கீழே அல்லவா வந்திருக்கவேண்டும்? மால்பிகி என்ற இத்தாலிக்காரர் பட்டையை வளையமாக உரித்து இதே வீக்கத்தைப் பார்த்து எழுதி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அதே கம்பி கட்டிய பனை இன்றைக்கும் நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. பனைக்கு அப்படிப் பட்டையில் மட்டும் ஓடுகிற வழி கிடையாது, தண்ணீர்க்குழாயும் உணவுக்குழாயும் சேர்ந்த நார்க்கற்றைகள் தடி முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. பிலா மாதிரி வருஷத்துக்கு வருஷம் பருத்துக் கம்பியில் இறுகுவதும் கிடையாது. ‘புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப’ என்று தொல்காப்பியம் பிரித்து வைத்ததன் பொருள் எனக்கு அந்த ரோட்டோரத்தில் வைத்துத்தான் விளங்கியது. வெளியே வைரம் பாய்ந்த பனை பிழைத்தது, உள்ளே வைரம் பாய்ந்த பிலா போயிற்று. ஒக்கி முடிந்த கையோடு நீங்கள் ‘வீட்டருகே உள்ள மரங்கள் ஆபத்து’ என்று நாலு நாள் தொடர்ந்து எழுதினீர்கள், எங்கள் தெருவில் அந்தப் பனை தவிர நின்ற மிச்ச மரத்தையும் வெட்டினார்கள். கம்பியையும் ஆணியையும் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

எழுதத் தொடங்கியதால் பழையதும் வருகிறது, மன்னிக்கவும். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஜனவரியில் குலசேகரம் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றைப் படம் எடுத்து ‘கருகும் ரப்பர், கலக்கத்தில் விவசாயிகள்’ என்று போட்டீர்கள். ரப்பர் வருஷாவருஷம் அந்த மாதங்களில் இலை உதிர்க்கும். வெயில் காலத்துக்கு முன்னால் இலையைக் கொட்டிவிட்டு, தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தை எடுத்துப் புதுத் துளிர் விடும், அந்தத் துளிர் செம்பு நிறத்தில் வரும். அப்போது மட்டும் உணவு கீழே இருந்து மேலே போவது உண்மை, ஆனால் அதுவும் முந்தின வருஷத்து இலை செய்து வைத்த உணவுதான். பால் குறையும், அதனால் பால் வெட்டுவதையும் நிறுத்திவைப்போம். தோட்டத்தில் நின்ற ஒரு பால்வெட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் இருக்கிற என் மச்சான் பயந்து போன் செய்தார்.

அதற்கும் முன்னால் மணக்குடிக் காயலில் எடுத்த படம். அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களை ‘காயலில் குவிந்த குச்சிகள், அகற்றுமா நிர்வாகம்?’ என்று போட்டிருந்தீர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை என்பதால் அந்த மரம் வேரை மேலே அனுப்பி மூச்சு விடுகிறது. உப்புத் தண்ணீரில் நிற்பதால் உள்ளே போன உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது, உச்சி வெயிலில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். அதை அகற்றச் சொல்லித் தலைப்பு. அன்றைக்கே இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். நீங்கள் போட்டது இரண்டு வரி, அதிலும் என் ஊர்ப் பெயர் தப்பு. அதைக்கூட நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஆன்மிகப் பக்கத்தில் அரசமரம் இரவிலும் ஆக்சிஜன் தரும் என்று வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறது. வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் ஆக்சிஜன் தராது. இரவில் இலைத்துளையைத் திறக்கிற செடிகள் உண்டு, எங்கள் ரப்பர்க் கன்றுகளுக்கு இடையே நிற்கிற கைதச்சக்கையும் (அன்னாசி) அப்படித்தான். இரவில் கார்பன் டை ஆக்சைடை உள்ளே வாங்கிப் புளிப்பாக்கி வைத்துக்கொண்டு, பகலில் துளையை மூடித் தண்ணீரை மிச்சம் பிடித்தபடி அதைச் சர்க்கரை ஆக்கும். ரணகள்ளியும் இதே வகைதான், அதன் இலையைக் காலையில் மென்றால் புளிக்கும், சாயங்காலம் புளிக்காது. இதை இந்தியாவில் இருந்து பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் எழுதி 1815ல் அச்சில் வந்திருக்கிறது. வீட்டுத் தொட்டியில் நிற்கிற செடி அது, பிள்ளைகள் வாயில் போட்டே பார்க்கலாம். இப்படி ஒன்றை அந்த இணைப்பில் போட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை அதே பக்கத்தில், அதே படத்தை, ‘உணவு’ அம்புக்குறியை இலையில் இருந்து வேருக்குத் திருப்பி, வேரில் இருந்து இலைக்கு ‘தண்ணீர், தாது உப்பு’ என்று இன்னொரு அம்புக்குறியும் போட்டு வெளியிடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் ‘திருத்தம்’ என்று ஒரு வரி போட்டால் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் யாரும் பார்க்கமாட்டார்கள். பழைய படம் ஒரு சாண் அகலம் இருந்தது. புதியதும் அதே அளவில் வந்தால் நோட்டீஸ் போர்டில் அதன் மேலேயே ஒட்டிவிடலாம் என்று பேத்தி சொல்கிறாள், டீச்சரிடமும் கேட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகன்,
கல்குளம் தாலுகா, கன்னியாகுமரி மாவட்டம்